பழைய லேண்ட்ரோவரின் ஸ்டியரிங்: எங்கிருந்து தொடங்குவது?

தோட்டத்து வாகனங்களுள் லேண்ட்ரோவருக்கென்று தனி இடம் உண்டு. பிரிட்டனின் ரோவர் நிறுவனம் 1948-ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாக அறிமுகப்படுத்திய இவ்வண்டி, 1958-இல் இரண்டாம் வரிசையாகவும் 1971-இல் மூன்றாம் வரிசையாகவும் வடிவம் பெற்றது. மூன்றாம் வரிசையின் உற்பத்தி 1985-இல் நின்றுவிட்டது. ஆயினும் வண்டிகள் நிற்கவில்லை. கேமரன் மலையில் காய்கறிக் கூடைகளைச் சுமந்து செல்லும் பழைய லேண்ட்ரோவர்களைக் காணாதவர் நம்முள் சிலரே இருப்பர். ரப்பர்த் தோட்டங்களிலும் பால் டின்களையும் உரமூட்டைகளையும் மட்டுமன்றி, அதிகாலையில் பிரட்டுக்களத்திலிருந்து மலைக்காட்டிற்கு ஆட்களையும் இவ்வண்டிகள் ஏற்றிச் சென்றிருக்கின்றன.

இத்தகைய பழைய வண்டியை ஓட்டுகின்றவர் கூறும் குறை பெரும்பாலும் ஒன்றே. "ஸ்டியரிங் கனக்கிறது, நேரே போகமாட்டேன் என்கிறது." இதற்கு அடுத்தபடியாக எழும் ஆலோசனையும் ஒன்றே. "பவர் ஸ்டியரிங் போட்டுவிடலாம்." இந்த ஆலோசனை தவறானதன்று. ஆனால் அது கடைசியில் வரவேண்டியது. முதலில் வந்தால் என்னவாகும் என்பதற்கு நாம் நேரில் கண்ட ஒன்றைக் கூறுவோம்.

ஒரு தோட்டத்துப் பட்டறையில் 109 அங்குலச் சக்கர இடைவெளி கொண்ட மூன்றாம் வரிசை லேண்ட்ரோவர் ஒன்று நின்றிருந்தது. கணிசமான பணம் செலவிட்டு, வேறொரு வண்டியிலிருந்து எடுத்த பவர் ஸ்டியரிங் பெட்டியை அதற்குப் பொருத்தியிருந்தார்கள். கைச்சக்கரம் ஒரு விரலால் சுழன்றது. ஆனால் செம்மண் சாலையில் வண்டி முன்னைவிட மோசமாக அங்குமிங்கும் அலைந்தது. டிரைவருக்குக் காரணம் விளங்கவில்லை. பட்டறையின் மூத்த மெக்கானிக் ஒருவர் வண்டியின் அடியில் படுத்து, டை ராடின் ஒரு முனையில் இருந்த மூட்டை ஸ்பேனரின் நுனியால் இலேசாக நெம்பினார். குண்டு தன் கிண்ணத்திலிருந்து ஏறக்குறைய வெளியே வந்துவிட்டது. அந்த வண்டி அன்று காலையிலும் பின்புறத்தில் பன்னிரண்டு பேரை ஏற்றி வந்திருந்தது.

புதிய பெட்டியில் குற்றமில்லை. பழைய தளர்ச்சியின்மேல் புதிய பலத்தை ஏற்றியதே குற்றம். முன்பு கைச்சக்கரம் கனமாக இருந்தபோது, கோளாற்றின் அறிகுறிகள் டிரைவரின் கைக்கு எட்டிக்கொண்டிருந்தன. எண்ணெயின் அழுத்தம் இடையில் புகுந்தபின் அந்த அறிகுறிகளும் மறைந்துவிட்டன. ஆகவே, ஸ்டியரிங்கைச் செம்மைப்படுத்தும் வேலை சக்கரத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் செல்லவேண்டும். கைச்சக்கரத்திலிருந்து கீழ்நோக்கி வரலாகாது.

அசைவு செல்லும் வழி

கையின் அசைவு சக்கரத்தை எவ்வழியே சென்றடைகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வோம். கைச்சக்கரத்தின் தண்டு ஸ்டியரிங் பெட்டிக்குள் இறங்குகிறது. பெட்டியிலிருந்து வெளிவரும் கை, நீளவாட்டில் முன்னோக்கிச் செல்லும் ஒரு குழாய்த் தண்டைத் தள்ளுகிறது அல்லது இழுக்கிறது. அத்தண்டு வண்டியின் முன்புறக் குறுக்குச் சட்டத்தினுள் செங்குத்தாகப் பதிந்திருக்கும் 'ரிலே' என்னும் உறுப்பின் மேற்கையைத் திருப்புகிறது. ரிலேயின் கீழ்க்கை, குறுக்காக ஓடும் டிராக் லிங்க் என்னும் தண்டை அசைக்கிறது. அது ஒரு சக்கரத்தைத் திருப்ப, அச்சக்கரத்தோடு டை ராடினால் பிணைக்கப்பட்ட மறுசக்கரமும் திரும்புகிறது.

தண்டுகள் மூன்று. ஒவ்வொன்றின் இரு முனைகளிலும் ஒரு மூட்டு. ஆக ஆறு மூட்டுகள். இம்மூட்டுகளை மெக்கானிக்குகள் 'பால் ஜாயிண்ட்' என்பர். நாம் மரத்திலிருந்து எடுக்கும் பாலுக்கும் இதற்கும் உறவில்லை! கிண்ணம் போன்ற குழியினுள் உருண்டையான எஃகுக் குண்டு சுழல்வதால் வந்த பெயர் அது. ஒவ்வொரு மூட்டிலும் அரை மில்லிமீட்டர் தேய்மானம் ஏற்பட்டால் அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அவை ஒன்றோடொன்று கூடுகின்றன. ஆறும் சேரும்போது தூரத்துச் சக்கரத்தின் கையில் மூன்று மில்லிமீட்டர் ஆகிறது. இடையிலுள்ள பெட்டியின் பற்சக்கர விகிதத்தால் அதுவே கைச்சக்கரத்தின் விளிம்பில் இரண்டு மூன்று அங்குலமாகப் பெருகுகிறது. அந்த அளவுக்கு டிரைவர் சுழற்றியும் சக்கரம் அசையாது. சரிவான வளைவில் அந்த இரண்டு மூன்று அங்குலத்தின் விலை என்ன என்பதை மலைக்காட்டில் வேலை செய்வோருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

டொயோட்டா லேண்ட் குரூஸரின் 40 வரிசை வண்டிகளிலும் இதனை ஒத்த இடைக்கை அமைப்பே உள்ளது. முன் இருசு ஒரே தண்டாக அமைந்த பழைய ஹைலக்ஸ் வண்டிகளில் பெட்டியிலிருந்து சக்கரத்தின் கைக்கு ஒரு தண்டு நீளவாட்டில் நேரே செல்கிறது. பள்ளத்தில் ஸ்பிரிங் ஏறி இறங்கும்போது அத்தண்டும் முன்பின் அசைவதால், டிரைவர் திருப்பாமலேயே சக்கரம் சிறிது திரும்பிவிடும். அவ்வண்டிகளில் தண்டைக் குறுக்குவாட்டிற்கு மாற்றியமைப்பதே முக்கியமான செம்மை. இங்கே நாம் லேண்ட்ரோவரையே எடுத்துக்கொள்வோம்.

நோயைக் கண்டறிதல்

இதற்கு இருவர் போதும். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இஞ்சினை அணைத்து, கைப்பிரேக்கைப் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஒருவர் கைச்சக்கரத்தை இடமும் வலமுமாக மெதுவாக ஆட்டிக்கொண்டிருக்க, மற்றவர் ஒவ்வொரு மூட்டின்மீதும் உள்ளங்கையை வைத்துப் பார்க்கவேண்டும். கண்ணைவிடக் கை நன்றாகச் சொல்லும். குண்டும் கிண்ணமும் தனித்தனியே அசைந்தால் அந்த மூட்டின் ஆயுள் முடிந்துவிட்டது. மூட்டின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் இன்று அது இறுக்கமாகத் தோன்றினாலும் சேறும் மணலும் உள்ளே புகுந்துவிட்டன எனக் கொள்க. ரிலேயின் மேற்கை அசைந்தும் கீழ்க்கை தாமதித்து அசைந்தால் கோளாறு ரிலேயின் உள்ளே இருக்கிறது. ரிலே முழுவதுமே குறுக்குச் சட்டத்தில் ஆடுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, முன் இருசை ஜாக்கினால் உயர்த்தி, அதன் கீழ் உறுதியான தாங்கியை வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி வண்டியின் அடியில் செல்லக்கூடாது. சக்கரத்தின் உச்சியையும் அடியையும் இரு கைகளாலும் பற்றி உள்ளும் புறமுமாக ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், துணைவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் குறை சக்கரத்தின் பேரிங்கில். பிரேக்கை அழுத்திய பின்னும் ஆடினால் குறை கிங்பின்னில்.

இந்தக் கிங்பின்னைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்வது அவசியம். ஏனெனில் பலரும் கவனியாமல் விடும் இடம் இதுவே. இரண்டாம், மூன்றாம் வரிசை லேண்ட்ரோவர்களில் கிங்பின்னின் கீழ்ப்புறம் உருளை பேரிங்கும், மேற்புறம் இறுக்கமான ஒரு புஷ்ஷும் உள்ளன. அந்தப் புஷ் வேண்டுமென்றே சிறிது உராய்வைத் தருமாறு அமைக்கப்பட்டது. அந்த உராய்வே சக்கரங்கள் தாமாக நடுங்காமல் தடுக்கிறது. புஷ் தேய்ந்துவிட்டால், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் செல்லும்போது சிறு பள்ளத்தில் இறங்கினாலும் முன்சக்கரங்கள் இரண்டும் படபடவென்று உதறத் தொடங்கும்; கைச்சக்கரத்தைப் பிடித்திருக்க முடியாது. அனுபவித்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள். அப்போது செய்யத்தக்கது, கைச்சக்கரத்தை உறுதியாகப் பற்றியபடி வேகத்தைப் படிப்படியாகக் குறைப்பதே. புதிய புஷ்ஷும் பேரிங்கும் பொருத்தி, மேற்புறத்தில் இடும் மெல்லிய ஷிம் தகடுகளைக் கூட்டியோ குறைத்தோ, பட்டறைக் கையேட்டில் சொல்லப்பட்ட இறுக்கத்திற்குக் கொண்டுவருவதே இதற்கு மருந்து. இறுக்கத்தை அளப்பதற்கு ஸ்பிரிங் தராசு ஒன்று போதும். டை ராடைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைத் திருப்பும் கையில் தராசின் கொக்கியை மாட்டி இழுத்துப் பார்க்கவேண்டும்.

ஸ்பிரிங் தகடுகளின் முனையிலுள்ள ரப்பர்ப் புஷ்ஷுகளையும், இருசை ஸ்பிரிங்கோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள். இவை தளர்ந்தால் இருசு முழுவதுமே வண்டியின் கீழ் கோணலாக நகரும். அப்போது ஸ்டியரிங்கில் எதைப் புதுப்பித்தாலும் வண்டி நேரே செல்லாது.

பழுதைப் புதுப்பித்தல்

மூட்டுகள் தேய்ந்திருந்தால் ஆறையும் ஒருசேர மாற்றுவதே சிக்கனம் என்பது நம் கருத்து. ஒன்றை மாற்றினால், எஞ்சிய ஐந்தும் முறைவைத்துப் பட்டறைக்கு வரும். மூட்டைக் கழற்றும்போது அதன் மறைமுனையைச் சுத்தியலால் அடிக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள், மறை நசுங்கும். நட்டைச் சிறிது தளர்த்திவிட்டு, மூட்டு அமர்ந்திருக்கும் கையின் இருபுறமும் இரண்டு சுத்தியல்களால் ஒரே நேரத்தில் தட்டினால் கூம்பு வடிவான தண்டு தானே விடுபடும். தண்டின் ஒரு முனையில் இடச்சுற்று மறை இருக்கும் என்பதை நினைவில் கொள்க. அதை அறியாமல் ஸ்பேனரில் குழாயைச் செருகி, தவறான திசையில் பலங்கொண்ட மட்டும் திருகி மறையைக் கெடுத்தவர்கள் பலர்.

ரிலேயைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இதன் உள்ளே வலிமைமிக்க ஸ்பிரிங் ஒன்று அழுத்திச் சுருக்கி வைக்கப்பட்டுள்ளது. அறியாமல் பிரித்தால் உள்ளுறுப்புகள் துப்பாக்கிக் குண்டுபோலப் பாயும். கண்ணோ கையோ தப்பாது. தக்க கருவியும் பழக்கமும் இல்லாதவர்கள் ரிலேயைப் பிரிக்க முற்படாமல், புதியதை முழுமையாக வாங்கிப் பொருத்துவதே அறிவுடைமை. பழையதை வெளியே எடுப்பதும் எளிதன்று. பல ஆண்டுத் துரு அதைக் குறுக்குச் சட்டத்தோடு ஒன்றாக்கியிருக்கும். சில நாள்களுக்கு முன்னரே ஊடுருவும் எண்ணெயை விட்டு வைத்து, கீழிருந்து ஜாக்கினால் பொறுமையாகத் தள்ளவேண்டும். புதிய ரிலேயைப் பொருத்தியபின் எண்ணெய் ஊற்ற மறந்துவிடாதீர்கள். அதை நிரப்புவதற்கெனத் தலைப்பகுதியில் துளை உண்டு.

பெட்டியின் பக்கமூடியில் ஒரு சரிசெய் திருகு இருக்கிறது. ஸ்டியரிங் தளர்ந்தது என்றதும் பலரும் முதலில் முறுக்குவது இதைத்தான். இது கடைசியில் செய்யவேண்டியது. மூட்டுகள் எல்லாம் புதியவையான பின்னும் ஆட்டம் எஞ்சியிருந்தால், தண்டைப் பெட்டியிலிருந்து விடுவித்து, கைச்சக்கரத்தை நேர்நிலையில் வைத்துக்கொண்டு, ஆட்டம் நீங்கும் அளவுக்கு மட்டும் முறுக்கவேண்டும். மிஞ்சி முறுக்கினால் வளைவு முடிந்தபின் சக்கரம் தானாக நேர்நிலைக்குத் திரும்பாது.

இவையெல்லாம் முடிந்தபின் முன்சக்கரங்களின் நேர்மையை அளக்கவேண்டும். லேண்ட்ரோவரின் முன்சக்கரங்கள் முன்புறத்தில் சிறிது உள்நோக்கியிருக்க வேண்டும்; அளவு 1.2 முதல் 2.4 மில்லிமீட்டர் வரை. வண்டியைச் சிறிது முன்னோக்கித் தள்ளி நிறுத்தி, சக்கரத்தின் அச்சு உயரத்தில், இரு ரிம்களின் முன் விளிம்புகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து, அவ்விடங்களில் சுண்ணக்கட்டியால் குறியிடுங்கள். குறிகள் பின்புறத்தில் அதே உயரத்திற்கு வரும்வரை வண்டியை முன்னோக்கித் தள்ளி மீண்டும் அளங்கள். முன் அளவு பின் அளவைவிட மேற்கூறிய அளவு குறைவாக இருக்கவேண்டும். வேறுபாடு இருந்தால், கவ்விகளைத் தளர்த்தி டை ராடைச் சுழற்றினால் சரியாகும். நேரான இரு மூங்கிற் கழிகளை ஒன்றன்மேல் ஒன்று நகருமாறு பிணைத்து, முன் தூரத்தையும் பின் தூரத்தையும் அதிலேயே குறித்துக்கொள்வதும் ஒரு முறை. கவனமாகச் செய்தால் அதுவே போதும்.

இத்தனையும் செய்துவிட்டு, டயர்களில் உரிய காற்றும் இருந்தால், பெரும்பாலான வண்டிகளில் "ஸ்டியரிங் கனக்கிறது" என்னும் பேச்சே எழாது. அகலமான சேற்று டயர்களை மாட்டிக்கொண்டு கனக்கிறது என்று முறையிடுவோரும் உளர். அந்தக் கனத்தை அவர்களே விலைகொடுத்து வாங்கியிருக்கிறார்கள்!

கூடுதலான பலம்

மறுநடவுக் காடுகளில் பழைய மரக்கட்டைகளின்மீது மோதித் தண்டுகள் வளைவது வழக்கம். தடித்த சுவருள்ள குழாயினாலான தண்டுகள் இதற்கென்றே கிடைக்கின்றன. அவற்றைப் பொருத்துவது நன்று. ஆனால் வளையாத தண்டு மோதலின் அதிர்ச்சியை அடுத்த உறுப்பிற்குக் கடத்திவிடும் என்பதையும் உணரவேண்டும். ஆதலால் கட்டையில் பலமாக மோதியபின், தண்டு நேராக இருந்தாலும் கைகளையும் பெட்டியின் போல்ட்டுகளையும் பார்த்தே ஆகவேண்டும். வளைந்த தண்டைத் தீயில் காய்ச்சி நிமிர்த்துவதும், விரிசல் விட்ட ஸ்டியரிங் கைக்கு வெல்டிங் வைப்பதும் கூடவே கூடாத செயல்கள். வேறு எவ்வுறுப்பிலும் ஒட்டுப்போட்டு ஓட்டலாம். இவற்றில் மட்டும் வேண்டா.

அதிர்ச்சி தாங்கியைப் போன்ற 'டேம்ப்பர்' ஒன்றை ஸ்டியரிங் தண்டுக்கும் சேசிக்கும் இடையே பொருத்துவதும் உண்டு. கற்பாதையில் அது கைக்கு வரும் உதையைத் தணிக்கும். எனினும், தேய்ந்த கிங்பின்னின் நடுக்கத்தை அதைக்கொண்டு மறைப்பது, காய்ச்சலைத் தணிக்காமல் நோயாளியைப் போர்வையால் மூடுவதற்கு ஒப்பாகும்.

இனிப் பவர் ஸ்டியரிங். 1983-இல் வெளிவந்த 'ஒன் டென்' வகையில் இது விருப்பத்திற்கேற்பக் கிடைத்தது. அவ்வகைப் பெட்டியையோ ரேஞ்ச் ரோவரின் பெட்டியையோ பழைய வண்டிக்கு மாற்றுவோர் அதனை முன்புறத்தில் சேசிச் சட்டத்தின் ஓரமாகப் பொருத்துவர். பெட்டியின் கை டிராக் லிங்கை நேரே அசைப்பதால் ரிலேயும் இரண்டு மூட்டுகளும் வேண்டாதவையாகிவிடும். தேயும் இடங்கள் குறைவது பெரிய நன்மையே. ஆயினும் மூன்று இடங்களில் கண்ணும் கருத்துமாக இருக்கவேண்டும்.

சேசிச் சட்டம் உள்ளீடற்றது. எண்ணெய் அழுத்தத்தின் முழு விசையும் இப்போது அதன் ஓரிடத்தில் விழும். சட்டத்தினுள் போல்ட்டுகள் செல்லுமிடத்தில் குழாய்களை ஊடாகச் செலுத்திப் பற்றவைத்து, வெளியே கனத்த தகடு வைத்து வலுப்படுத்தாவிட்டால், சட்டம் நசுங்கி நாளடைவில் விரிசல் விடும். அதற்கு முன்னர்ச் சட்டமே நல்ல நிலையில் உள்ளதா என்று சுத்தியலால் தட்டிப் பார்த்துவிடுங்கள். கணீரென்று ஒலிக்காமல் மந்தமாக ஒலிக்குமானால் உள்ளே துரு தின்றிருக்கிறது. வண்டியின் உடல் அலுமினியக் கலவையாதலால் வெளித்தோற்றம் ஏமாற்றும். உரம் ஏற்றிய வண்டிகளில் இதைக் கட்டாயம் பார்க்கவேண்டும். அடுத்து, டிராக் லிங்க் கூடியவரை கிடைமட்டமாக அமையவேண்டும். அது செங்குத்தான சரிவில் அமைந்துவிட்டால், ஸ்பிரிங் அசையுந்தோறும் வண்டி தானாகத் திரும்பும். மூன்றாவதாக, சக்கரம் முழுமையாகத் திரும்பும்போது இருசிலுள்ள நிறுத்தத் திருகுகளே முதலில் தடுக்கவேண்டும். பெட்டியின் உள்ளுறுப்புகள் அந்த விசையைத் தாங்கலாகாது.

எண்ணெய்ப் பம்பு இஞ்சினின் பெல்ட்டால் இயங்குவது. பெல்ட் அறுந்தாலும் ஸ்டியரிங் இயங்கும். ஆனால் திடீரென்று இரும்பாகக் கனக்கும். அதை டிரைவர் முன்னரே ஒருமுறை, சமதரையில், இஞ்சினை அணைத்து வைத்துத் திருப்பிப் பழகியிருப்பது நல்லது.

இவ்வாறு அமைப்பை மாற்றிய வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்டுவதற்கு முன்னர், சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜே.பி.ஜே.யின் அனுமதி பெறவேண்டும். தேய்ந்த உறுப்பை அதே வகையான புதிய உறுப்பால் மாற்றுவது பழுதுபார்த்தல். வேறு வகைப் பெட்டியைப் பொருத்துவது அமைப்பு மாற்றம். வேலை தொடங்கும் முன்பே இலாகாவை விசாரித்துக்கொண்டால் பின்னர் அலையவேண்டியதில்லை.

பின்னால் ஏறுகின்றவர்களுக்கு

இதுவரை சொன்னவை ஓட்டுகின்றவர்க்கும் பழுதுபார்ப்பவர்க்கும். வண்டியின் பின்புறம் ஏறிச் செல்லும் தோழர்களுக்கும் இதில் பங்குண்டு. வண்டி சாலையில் அலைகிறது, கைச்சக்கரம் உதறுகிறது, திருப்பத்தில் கடகடவென்று ஒலி கேட்கிறது என்றால் மண்டோரிடமோ கிராணியிடமோ தயங்காமல் தெரிவியுங்கள். 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தொழிலாளியின் பாதுகாப்பை முதலாளியின் கடமையாக்கியிருக்கிறது. 2022-இல் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த பிரிவுகளின்படி, வேலையிடத்தில் உடனடி அபாயம் இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்து, அதை முதலாளிக்குத் தெரிவித்தும் அவர் அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த அபாயத்திலிருந்து விலகிக்கொள்ளலாம். "டிரைவர் அண்ணன் பழக்கமானவர், பார்த்துக்கொள்வார்" என்று நாம் இருந்துவிடுகிறோம். கிண்ணத்தை விட்டுக் குண்டு கழன்றபின் எந்த அண்ணனாலும் ஒன்றும் செய்ய இயலாது.

நாம் முன்னர்க் குறிப்பிட்ட வண்டியின் டை ராட் மூட்டுகள் இரண்டும், கிங்பின் புஷ்ஷுகளும், ஸ்பிரிங் புஷ்ஷுகளும் மாற்றப்பட்டன. பவர் ஸ்டியரிங் பெட்டிக்குச் செலவானதில் ஒரு சிறு பகுதியே இதற்கு ஆயிற்று. அந்த மூத்த மெக்கானிக் வண்டியைத் திரும்ப ஒப்படைத்தபோது டிரைவரிடம் இரண்டு வேலைகளைச் சொல்லி அனுப்பினார். ஒரு வாரம் ஓடியபின் யூ போல்ட்டுகளையும் தண்டுகளின் கவ்விகளையும் மறுபடி முறுக்கவேண்டும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் பிரட்டுக்கு முன்னர், மூட்டு நட்டுகளின் காட்டர் பின் ஆறும் அதனதன் இடத்தில் உள்ளனவா என்று டார்ச்சு அடித்துப் பார்க்கவேண்டும். "அண்ணே, இப்போது ஆறு இல்லை, நான்குதான்" என்று டிரைவர் திருத்தினார். ரிலே நீங்கியதால் இரண்டு மூட்டுகள் குறைந்துவிட்டதை அவர் கவனித்திருந்தார்.